தெள்ளுப்பூச்சியின் வீடு

பெர்மெட் இரண்டு படங்களைக் கூடாரச் சட்டத்தில் மாட்டினாள். ஒன்று மர்மோட், பூனையளவு கொழுத்த மலை அணில். இன்னொன்று தெள்ளுப்பூச்சி.

“இது பாலூட்டி, குட்டி போட்டுப் பால் குடுக்கும். இது பூச்சி, ஆறு காலு. மர்மோட்டோட வீடு மலைப் பொந்து. தெள்ளோட வீடு எது, சொல்லுங்க பாப்போம்?”

“என் மாமியா கம்பளி!” என்றான் ஷார்ஷென்.

மேய்ப்பர்கள் கோப்பையிலிருந்த குமிஸ், அந்தப் புளித்த குதிரைப்பால், சிந்தச் சிரித்தார்கள். அவன் மனைவி சாகினும் சிரித்துவைத்தாள்.

பாவம், அவள் மனசு இங்கே இல்லை. பக்கத்துக் கூடாரத்தில் மகள் அக்மூர் காய்ச்சலும் இருமலுமாகத் துரும்பாய்க் கிடக்கிறாள். ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே, குதிரையில் ஒரு முழுப் பகல். பெர்மெட்டைக் கூப்பிட்டுக் காட்டலாமென்றால் ஷார்ஷென் விடவில்லை. அவள் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டான்.

பிளேக் தடுப்பு நிலையத்திலிருந்து பெர்மெட் கோடைக்குக் கோடை வருவாள். அதே படம், அதே கேள்வி. மர்மோட் வேட்டைக்கு இந்த வருஷம் தடை வேறு.

“மர்மோட்டைப் பாத்தாலே நாங்க மூஞ்சியத் திருப்பிக்கிறோம், டாக்டரம்மா,” என்றான் ஷார்ஷென் பவ்யமாக.

மறுபடி சிரிப்பு.

பெர்மெட் சிரிக்கவில்லை. “அதோட ரோமம்தான் தெள்ளுக்கு வீடு. மர்மோட் செத்து ஆறிப்போச்சுன்னா அதுல இருக்காது. பிளேக்கையும் தூக்கிக்கிட்டு, எந்த உடம்பு சூடா இருக்கோ அங்க குடியேறிடும்.”

சாகின் மகள் கிடந்த கூடாரப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“உக்காருடி,” என்று பல்லைக் கடித்தான் ஷார்ஷென்.

தெரிந்தால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஓநாய்க்கு நடுவே துப்பாக்கி இல்லாமல் மந்தை ஏது, பிழைப்பு ஏது? அவளுக்கும் தெரியும்.

“நீங்க சும்மா இருங்க,” என்றவள் பெர்மெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நெஞ்சுச் சளிக்கு நாங்க ஆட்டுத்தோலு கட்டுவோம், டாக்டரம்மா. மர்மோட் தோலு அதைவிட நல்லா கேக்கும்னாங்க. முந்தாநாள் இவரு சுட்டுக் கொண்டாந்தாரு. சூடு ஆறுறதுக்குள்ள உரிச்சு, பிள்ள நெஞ்சுல நான்தான் கட்டினேன்.”

ஷார்ஷென் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

பெர்மெட் மெதுவாகக் கேட்டாள்: “இப்ப தோலு எப்படி இருக்கு?”

“ஆறிப்போச்சு,” என்றாள் சாகின். “பிள்ளதான் கொதிக்கிறா.”