தலைவரின் நன்றியுரை

"வந்துட்டாருலா மைக்கைத் தூக்கிக்கிட்டு! இனிமே அரை மணி நேரம் போச்சு" என்று பல்லைக் கடித்தான் கால்வின்.

கார் பந்தயப் படம் அப்போதுதான் முடிந்திருந்தது. கடைசிச் சுற்றில் கதாநாயகன் முந்தியதும் எழுந்து நின்று கத்தியவர்கள் இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குள் கார் கிளப்பின் தலைவர் ராதாகிருஷ்ணன், நாலாக மடித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்துவிட்டார்.

"அனைவருக்கும் வணக்கம். இந்த இனிய மாலைப் பொழுதிலே..."

மாதம் ஒரு சனிக்கிழமை, ப்ரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் கிளப்பின் 'மூவி நைட்'. பேர்தான் நைட். எட்டு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்பதால் நாலரைக்கே படம் போட்டுவிடுவார்கள்.

நழுவிப் போய்விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த இடத்தில் முப்பது கார்களை ஒன்றையொன்று மறித்துத்தான் நிறுத்த முடியும். அதனால் உள்ளே வரும்போதே சாவியைத் தட்டில் போட்டுவிட வேண்டும். தட்டு தலைவரின் மேசையில் இருக்கும். அவர் பேசி முடித்தால்தான் சாவி கைக்கு வரும்.

"ஜனவரியில முதல் படம் போட்டப்ப இந்தத் தொல்லை இல்லையே" என்றான் பக்கத்தில் இருந்த யுகேந்திரன்.

"பதவி தலைக்கு ஏறிடுச்சு. மைக் ருசி கண்டுட்டாரு."

செந்தூலில் டயர் கடை வைத்திருக்கும் ராதாகிருஷ்ணன் தாளை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. புரொஜெக்டர் கொடுத்தவருக்கு நன்றி சொன்னார். கறிபாப் பலகாரம் செய்த மகதலேனா ஆன்டிக்கு நன்றி சொன்னார். வரி தவறி, மறுபடியும் புரொஜெக்டர்காரருக்கே நன்றி சொன்னார். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"அடுத்து, ரேடியேட்டர் தண்ணீரை எப்போது மாற்ற வேண்டும் என்பது பற்றிச் சில வார்த்தைகள்..."

"போன மாசம் வைப்பர், இந்த மாசம் ரேடியேட்டர்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் யுகேந்திரன்.

கால்வினுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க படம் பார்க்க வரோம். உங்க ஸ்பீச் கேக்க இல்ல. ஓட்டு எடுத்துடலாம். இந்தப் பேச்சு வேணாங்கிறவங்க கை தூக்குங்க!"

முதலில் நாலு கை எழுந்தது. பக்கத்து ஆளைப் பார்த்துப் பக்கத்து ஆள் தூக்க, மண்டபம் முழுக்கக் கை.

ராதாகிருஷ்ணனின் முகம் சிவந்துவிட்டது. கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கெஞ்சினார்.

"பேசலைன்னா பரவாயில்லை. இருந்து டீயாவது குடிச்சிட்டுப் போங்க. கறிபாப் சூடா இருக்கு. ஒரு இருபது நிமிஷம்..."

"தப்பாவ் கட்டிக் குடுங்கண்ணே, வழியில தின்னுக்கிறோம்!" என்றது ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

"அப்ப சாவிய மட்டும் பத்து நிமிஷம் கழிச்சுத் தரேனே..."

"என்னண்ணே, எங்க சாவிய வெச்சு எங்களையே மிரட்டறீங்களா?" என்றான் கால்வின்.

அந்தக் கேள்வியில் சிரிப்பு அடங்கிவிட்டது. ராதாகிருஷ்ணன் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"ரெண்டு வருஷமா என்னைத் தலைவரா வெச்சிருந்தீங்க. நன்றி. இனிமே வேற யாரையாவது போட்டுக்குங்க" என்று தட்டை முன்னால் தள்ளினார்.

"கால்வினையே போடுங்க!" என்று யாரோ கத்த, ஐந்தே நிமிடத்தில் கிளப்புக்குப் புதுத் தலைவர் கிடைத்துவிட்டார். பழைய தலைவர் தனியாக நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு யாரும் போகவில்லை. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் சாவியைத் தேடுகிற அவசரம்.

பின்னால் கார்கள் உறுமத் தொடங்கின. கால்வின் தன் காரில் ஏறி எஞ்சினை முடுக்கினான். உடம்பில் இன்னும் படம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் மறித்து நின்ற கார் நகர்வதற்குள், கிள்ளானில் இருக்கும் மனைவி வலேரியைக் கூப்பிட்டான்.

"வலேரி, இன்னிக்கு சீக்கிரம் வந்துடுவேன். இன்னொரு நியூஸ். நான்தான் இனிமே கிளப் பிரசிடெண்ட்!"

"ராதா அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"அவர் வாயை இன்னிக்கு அடைச்சாச்சு. ஓட்டெடுப்பு வெச்சதே நான்தான். சரியான மைக் பைத்தியம்லா அந்த ஆளு."





"கார் எஞ்சின் சத்தம் கேக்குது. கிளம்பிட்டீங்களா?"

"இதோ, முன்னாடி இருக்கிறவன் எடுத்ததும் பறந்துடுவேன்."

"முதல்ல ஆஃப் பண்ணுங்க."

கால்வின் எஞ்சினை நிறுத்தினான்.

"ஜனவரியில அந்த முதல் படத்தைப் பார்த்துட்டு, முக்கால் மணி நேர வழியைப் பதினெட்டே நிமிஷத்துல தாண்டிக் கிள்ளானுக்கு வந்தேன்னு என்கிட்ட குதிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? மறுநாளே நான் ராதா அண்ணனுக்குப் போன் போட்டு அழுதேன். 'படம் முடிஞ்சதும் இவருக்கு அந்தச் சூடு தணியற வரைக்கும் எப்படியாவது பிடிச்சு வைங்கண்ணே, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டேன்."

கால்வின் சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'நாலு பேர் முன்னாடி நின்னா எனக்கு நாக்கே எழாதும்மா. இருந்தாலும் பரவாயில்லை, எதையாவது எழுதி வெச்சுப் படிக்கிறேன்'னாரு."