ஐந்து மணி ஆட்டம்

“நாலு மணிக்கே உங்க டூட்டி முடிஞ்சிடுது. அப்புறமும் இவனைப் பிடிச்சு உக்காரவெச்சு, தெருவுக்கே வேடிக்கை காட்டறீங்களே பாக், இது நியாயமா?”

சோயா அவரைத் தெம்பே பொரித்துக்கொண்டிருந்த சுமார்னி, கரண்டியை நீட்டியபடியே கேட்டாள்.

அவளது தள்ளுவண்டிக்கு எதிரேதான் தெருமுனைக் காவல் குடில். அதில், ‘ஐயா’ என்ற பொருளில் தெருவே ‘பாக்’ என்று அழைக்கும் காவலர் வஸ்கித்தோவும் கார்சிடியும் சதுரங்கப் பலகையின் இரு பக்கமும் அமர்ந்திருந்தனர்.

“என்ன வேடிக்கை அக்கா? விளையாடறோம்,” என்றார் வஸ்கித்தோ.

“அவன் மூஞ்சியப் பாருங்க. விளையாடற மூஞ்சியா அது?”

கார்சிடி பறவை திருடிச் சிறை சென்றவன். திரும்பி வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வந்த மறுநாள் முதல், மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அவன் குடிலில் இருந்தாக வேண்டும் என்பது வஸ்கித்தோவின் உத்தரவு. தெருவே கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. பாடும் பறவைகளின் கூண்டுகள் மட்டும் வாசல் கம்பங்களில் தொங்கும். கிளாத்தென் நகரில் பறவைகள் களவுபோவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அதோடு விட்டாரா? போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, ‘கார்சிடியைக் குடிலில் கண்டேன்’ என்று ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடச் சொன்னார்.

தெருவாசிகள் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டனர். “இவனையெல்லாம் இப்படித்தான் கட்டிப்போடணும் பாக்!” என்று பாராட்டவும் செய்தனர்.

சுமார்னி மட்டும், “பாவத்துக்குக் கையெழுத்துப் போடறேன்,” என்று ஒவ்வொரு நாளும் முணுமுணுத்துவிட்டுப் போடுவாள்.

ஐந்து நாற்பதுக்குத் தெருத் தலைவர் மர்ஸூக்கி ஒரு தாளோடு வந்தார்.

“முப்பது பேர் போட்டாச்சு சுமார்னி. நீ ஒருத்திதான் பாக்கி. இன்னொரு பறவை காணாமப்போச்சுன்னா அன்னிக்கே மனுவைக் கொடுத்து இவனைத் தெருவைவிட்டுக் கிளப்பிடுவேன்.”

“அவன் பொண்டாட்டிக்கு இது நிறைமாசம். வயித்தைத் தூக்கிக்கிட்டு எங்க போவா?”

“அதைத் திருடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

“என் கையெல்லாம் எண்ணெய். தாள் வீணாப்போயிடும், போங்க.”

“தலைவரே,” என்று குடிலிலிருந்து குரல் கொடுத்தார் வஸ்கித்தோ. “அப்படியே நம்ம நோட்டுலயும் ஒண்ணு.”

“அதுக்கென்ன, தாராளமா!” கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதி, அழகாகக் கையெழுத்திட்டார் மர்ஸூக்கி. போகிறபோக்கில் பலகையையும் எட்டிப் பார்த்தார். “அந்தக் குதிரையைத் தூக்கேன்டா. தூக்கறதுக்கு உனக்கா சொல்லித்தரணும்?”

கார்சிடி குதிரையைத் தொடாமல் ஒரு சிப்பாயை நகர்த்தினான்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தெருவின் மறுகோடியில், ஆபத்தை அறிவிக்கும் மூங்கில் முரசு படபடவென ஒலித்தது. மர்ஸூக்கி செருப்பில்லாமல், கையில் மனுத் தாளோடு ஓடிவந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

“என் சோலைபாடி போச்சு! கூண்டோட போச்சு! அஞ்சரைக்குப் பாடிக்கிட்டிருந்த பறவை, என் வீட்டுக்காரி குளிச்சிட்டு வர்றதுக்குள்ள காணோம்! இவன்தான்! நான் அப்பவே சொன்னேன்!”

ஓர் இளைஞன் பலகையை உதைத்தான். காய்கள் தெருவில் சிதறின. இன்னொருவன் கார்சிடியின் சட்டையைப் பற்றினான்.

வஸ்கித்தோ எழுந்து நடுவில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“தலைவரே, நோட்டைப் படிங்க. கடைசிப் பக்கம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

“அஞ்சு பத்து, சுமார்னி. அஞ்சு இருபது, மீன்காரர் துகிரான். அஞ்சு முப்பது, தையக்காரர் ஸைனி...” மர்ஸூக்கி நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்திட்டீங்க? கண்ணாடி கொண்டுவரலையா?” சுமார்னி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டை வாங்கினாள். “‘அஞ்சு நாப்பது. கார்சிடியைக் குடிலில் கண்டேன். மர்ஸூக்கி, தெருத் தலைவர்.’ அதுக்கப்புறம் அவன் எந்திரிக்கவே இல்ல. நான் எதுக்கத்தானே நிக்கறேன்!”

சட்டையைப் பற்றிய கை தானாகத் தளர்ந்தது.

கார்சிடி அன்று முதன்முறையாக வாய் திறந்தான்.

“பழைய பாலத்து ரோட்டுக்கு ரெண்டு பேர் போங்க. பறவை திருடறவங்க அந்த வழியாத்தான் பைக்ல போவாங்க. கூண்டைக் கறுப்புத் துணியால மூடி மடியில வெச்சிருப்பாங்க. பறவை அடிபட்டா விலை போகாது. அதனால பைக் மெதுவாத்தான் போகும். சீக்கிரம் போங்க!”

இளைஞர்கள் பைக்குகளை நோக்கி ஓடினர். மர்ஸூக்கி மட்டும் அங்கேயே நின்றார்.

சுமார்னி நோட்டின் அட்டையைத் திருப்பினாள். அதில் ஒரு வாத்துப் படம்.

“என்ன பாக் இது, பள்ளிக்கூடத்து நோட்டு! ஸ்டேஷன் நோட்டுன்னு நினைச்சுல்ல எல்லாரும் போட்டோம்?”

“ஸ்டேஷன் நோட்டுன்னு நான் எப்ப அக்கா சொன்னேன்?”

சிதறிய காய்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கத் தொடங்கிய வஸ்கித்தோ, மர்ஸூக்கியின் கையிலிருந்த தாளை ஒரு முறை பார்த்தார்.

“இவனைத் தெருவைவிட்டு அனுப்ப முப்பது பேர்கிட்ட நீங்க கையெழுத்து வாங்கினீங்க, தலைவரே. இவன் இங்கயே இருக்கறதுக்கு அதே முப்பது பேர்கிட்ட மூணு வாரமா நான் வாங்கிட்டிருக்கேன்.”