கிழிக்காத விளிம்பு

கோமளா வெட்டிக் கொடுத்த அக்ரிலிக் ஷீட்டின் விளிம்பை, பெட்டி செய்யச் சொல்லி வந்தவர் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். "இன்னும் சொரசொரப்பா இருக்கும்மா," என்றார். கோமளா லேசர் இயந்திரத்தின் வேகத்தை மேலும் குறைத்தாள். வெட்டுமிடத்தில் ஊதும் காற்றையும் தணித்து, ஒரே ஓட்டத்தில் மெல்ல வெட்டவிட்டாள். அப்படி வெட்டினால்தான் விளிம்பு உருகிக் கண்ணாடிபோல் படியும். நான்கடி உயரத்தில் நாலு பக்கம், ஓர் அடித்தட்டு, ஒரு மூடி. இத்தனை பெரிய பெட்டியை அவள் செய்ததே இல்லை.

"சிலை வைக்கிறதுக்கா சார்?"

"இல்ல. உள்ளயிருந்து தடவினா கை கிழியக் கூடாது. அவ்வளவுதான்."

கோமளா இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "மூடியில காத்துக்கு ஓட்டை போடணுமா?"

"வேணாம்மா."

வெட்டி முடித்திருந்த மூடியை அவள் காலால் மேசைக்கடியில் தள்ளினாள். "மூடிக்கு ஷீட் இல்ல சார். அடுத்த வாரம் வாங்க."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வரவழைங்க, நான் இருக்கேன்." பிறகு வாசலில் நின்ற காரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மாலதி, நீயே வந்து தொட்டுப் பாரு."

அவர் மனைவி இறங்கி வந்தாள். பத்து விரல் நுனியிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒரு விரலில் மட்டும் அதை உரித்துவிட்டு, விளிம்பு நெடுகத் தடவினாள்.

"பழைய பெட்டி மாதிரி இது கிழிக்கலைங்க," என்று கணவனிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டே மேசையோரம் நகர்ந்து, அடியில் கிடந்த மூடியைச் சேலையால் மறைத்தபடி நின்றாள்.