படிக்கட்டில் ஒத்திகை

"இந்த பீரோ யாருது?"

ஐந்தாவது மாடி அவசரப் படிக்கட்டில் நின்று கத்தியவரை அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. நீல நிற மேலங்கி, காதில் பென்சில், கையில் இஞ்ச் டேப். குரல் மட்டும் எட்டு மாடிக்கும் கேட்டது.

குடியிருப்போர் சங்கத் தலைவி இர்மா கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தாள். உள்ளே ஞாயிற்றுக்கிழமைத் தக்காளிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னோடதுதான். அதுக்கென்ன இப்போ?"

"தீப்பிடிச்சா மேல இருக்கறவங்க எப்படிம்மா இறங்குவாங்க? பீரோவைத் திறந்து, உள்ள புகுந்து, அந்தப் பக்கமா வருவாங்களா?"

இர்மாவுக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் இதே மாண்டிவீடியோ நகரின் துறைமுகப் பக்கத்தில் ஒரு கட்டடம் பற்றி எரிந்தது. படிக்கட்டு முழுக்க தட்டுமுட்டுச் சாமான். இறங்க வழியில்லாமல் மொட்டை மாடியில் நின்று குடும்பம் குடும்பமாக அலறியதை டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. நகராட்சி ஆட்கள் வீதி வீதியாகச் சோதனைக்கு வருவதாகவும் பேச்சு.

"சார்... நகராட்சியிலேர்ந்து வர்றீங்களா?" குரலில் பாதிக் காற்று இறங்கியிருந்தது.

"முதல்ல வழியைக் காலி பண்ணுங்க. பேச்சு அப்புறம்."

இர்மா கரண்டியாலேயே கைப்பிடிக் கம்பியைத் தட்டினாள். "மில்டன்! மேல வா! இன்ஸ்பெக்டர் வந்திருக்கார்!"

வாட்ச்மேன் மில்டன் மூச்சிரைக்க ஓடிவந்தான். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பீரோ இர்மாவின் கூடத்துக்குள் போய், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் மலைபோல் நின்றது.

"என்னோடது மட்டுந்தானா? மூணாவது மாடிக்குப் போய்ப் பாருங்க சார்!" என்றாள் இர்மா.

மூன்றாவது மாடி அனிபால் ஓய்வு பெற்ற கசாப்புக்காரர். ஆளே ஒரு பீரோ கனம். அவர் இறைச்சி சுடுவதற்கு வாங்கிய கரி மூட்டைகள் படியோரம் அடுக்கியிருந்தன.

"படிக்கட்டுல கரி மூட்டையா! தீயை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறீங்களே ஐயா!"

"பல வருஷமா இருக்கு. ஒண்ணும் ஆகலையே?"

"தீ என்ன, சொல்லிட்டா வரும்?"

அனிபால் முனகிக்கொண்டே மூட்டைகளை உள்ளே இழுத்தார். சைக்கிள்கள், உடைந்த நாற்காலிகள், யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு குளியல் தொட்டி, எல்லாம் போயின. வந்தவர் ஒவ்வொரு திருப்பத்திலும் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டே இறங்கினார்.

தரைத்தளத்தில் வெளிக்கதவுக்குப் பூட்டு. சாவி எங்கே என்றதும் மில்டன் தலையைச் சொறிந்தான்.

"உடை" என்றார் வந்தவர்.

சுத்தியலுக்குப் பூட்டு விழுந்தது. கதவு கிறீச்சிட்டுத் திறக்க, இருட்டிலேயே கிடந்த படிகளில் வெயில் பாய்ந்தது. இர்மா அந்த வெயிலையே பார்த்தாள்.

"நாமளே நம்மளை உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டிருந்தோமே!" என்றாள் மெதுவாக.

"இன்னும் முடியலை. நடக்க முடியாத ஆளை எப்படி இறக்குவீங்க? செஞ்சு காட்டுங்க. இருக்கறதுலயே கனமான ஆள் யாரு?" என்றார் வந்தவர்.

எல்லாத் தலைகளும் அனிபால் பக்கம் திரும்பின.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க?"

மொட்டை மாடியில் கிடந்த பழைய கதவுதான் ஸ்ட்ரெச்சர். எட்டாவது மாடியில் அனிபாலை அதில் படுக்க வைத்தார்கள். ஒரு அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், மறுகையில் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் கோப்பை.

"அதையாவது வச்சுட்டு வாங்களேன்!" என்றாள் இர்மா.

"தீயே பிடிச்சாலும் மாத்தேயை விடமாட்டேன். நீ உன் பீரோவைப் பாரு."

மில்டன், நாலாவது மாடிப் பல் டாக்டர், ஆறாவது மாடிக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். நால்வரும் தூக்கினார்கள். வந்தவர் அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கியே இறங்கி உத்தரவிட்டார்.

"முன்பக்கத்தை உயர்த்துங்க! சாய்க்காதீங்க! டாக்டர், முதுகை வளைக்காம முழங்காலை மடக்குங்க! திருப்பத்துல மெல்ல... மெல்ல... சுவத்துல ஒரு கீறல் படக்கூடாது!"

"என் மேல எவ்வளவு அக்கறை பாருங்க! பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்காது!" என்றார் அனிபால் படுத்தபடியே.

ஐந்தாவது மாடியில் பல் டாக்டர் கடவுளைக் கூப்பிட்டார். மூன்றாவது மாடியில் அனிபால் ஒரு வாய் மாத்தே உறிஞ்சினார். ஒருவழியாகத் தரைக்கு வந்ததும் கட்டடமே கைதட்டியது. நான்கு பேரும் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும்.

"சார், நாங்க பாஸா?" என்றாள் இர்மா பயந்தபடி.

"பிரமாதம்மா. இப்படி இறக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

"அப்போ நகராட்சிக்கு நல்லபடியா எழுதிடுங்க, இன்ஸ்பெக்டர் சார்."

"இன்ஸ்பெக்டரா? நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

அவர் திறந்த கதவு வழியாக வெளியே போய், விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். தெருமுனையிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாகவே வந்து வாசலை ஒட்டி நின்றது. அதன் மேல் கம்பளிகளில் சுற்றி, கயிற்றால் கட்டி, யானைக்குட்டி போல் ஒரு பியானோ.

"எட்டாவது மாடிக்குப் புதுசாக் குடிவர்றவன்மா நான், இது லிஃப்ட்ல நுழையாது" என்றவர், மூச்சு வாங்க நின்ற நால்வர் பக்கம் திரும்பினார். "இறக்கிப் பழகியாச்சு தம்பிங்களா, இப்போ ஏத்திப் பார்ப்போமா?"