மைனஸ் மூன்று நாள்

நாளைக் காலை என் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதன்பின் பேச்சே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் குரலைப் பதிந்து வைக்கலாம் என்று, லாரியில் மூட்டை இறக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, அவளோடு அவள் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவன்.

அவள் மைக்கில் பேசினாள். நான் போட்டிருந்த ஹெட்போனில் குரல் ஒரு நொடி பிந்தி வந்தது.

"உன் மாமாவுக்கு எல்லாமே லேட்டாத்தான்டா ஏறும். எழுத்தே நாப்பது வயசுலதான ஏறுச்சு," என்றாள்.

மச்சான் கம்ப்யூட்டரில் எதையோ குறைத்தான். தாமதம் என்ற இடத்தில் மைனஸ் இரண்டு நொடி என்று வந்தது. அவள் வாய் திறக்கும் முன்பே எனக்குக் கேட்டது.

"மைனஸ்ல வராதே மாமா!" என்று கேபிளைப் பிடுங்கி மாட்டினான். எண் ஓடி, மைனஸ் மூன்று நாளில் நின்றது: ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள்.

அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஹெட்போனில் அவள் குரல் இல்லை. நான் எழுதிப் பழகிய சிலேட்டில் பல்பம் உரசும் சத்தம் வந்தது. பிறகு என் குரல் எழுத்துக்கூட்டிப் படித்தது: "த... ண்... ணீ... ர்."

"நல்லா கேக்குதாங்க?" என்று அவள் உதடு அசைந்தது.

"கேக்குது. நீ பேசு," என்றேன்.