நாற்பது மூட்டை மண்

வெடித்த மூட்டைக்கு முன்னால் குந்தியிருந்து, சிந்திய மண்ணை விரலால் கிளறினான் காவலாளி.

ஷெல் விழுந்தது பின்வளவில். பழம்பொருள் நூதனசாலைக்கு ஒன்றுமில்லை. உள்ளேயிருந்த ஈமத்தாழிக்கும் ஒன்றுமில்லை. ஜன்னலால் வந்த சிதறல் பட்டு, தாழியைச் சுற்றி அடுக்கியதில் மூலை மண்மூட்டை ஒன்றுதான் போயிற்று.

மற்றக் காட்சிப்பொருள்கள் எல்லாம் உழவு இயந்திரத்தில் ஏறித் தப்பிவிட்டன. இடுப்பளவு உயரத் தாழி ஏறவில்லை.

'பொருத்தமான முறையில் பாதுகாக்கவும்' என்று மேலிடத்துக் கடிதம் வந்தது. முறை எதுவென்று அதில் இல்லை.

காவலாளி அவன். முறையைக் கண்டுபிடித்தான்.

சாக்கு இல்லை, மனைவி தவமலரின் ஏழு சீலைகள் இருந்தன. மணல் இல்லை, தாழியைத் தோண்டியெடுத்த மேடு இருந்தது. 'இங்கு மண் அள்ளுவோர் தண்டிக்கப்படுவர்' என்ற பலகையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அள்ளினான்.

பலகையை நட்டவனும் அவன்தான்.

"மண் அள்ளுற ஆக்களைப் பிடிச்சுக் குடுக்கிறது நீங்கள். உங்களை இப்ப ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே தவமலர் நாற்பது மூட்டையின் வாயையும் தைத்தாள்.

ஆறு சீலையைக் கிழித்தாள். கல்யாணக் கூறையில் மட்டும் கத்தரிக்கோல் படவில்லை. முழுசாக மடித்து, ஒரே மூட்டையாகத் தைத்தாள்.

இப்போது விரலில் ஒரு பானை ஓடு தட்டுப்பட்டது.

துடைத்தான். கீறல்.

கீறல் இல்லை. எழுத்து.

மூன்று எழுத்து முழுசாக. நாலாவதில் பாதி.

மேட்டைத் தோண்ட வந்த பேராசிரியர் மூன்று மாதம் தேடிய சாமான். ஓர் எழுத்துக்கூடக் கிடைக்காமல், போகிற அன்று கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் போனவர்.

உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தான். புது உடைப்பு. ஷெல் இப்படி உடைக்காது.

மண்வெட்டி உடைக்கும்.

மறுபாதியைத் தேட மிச்சம் முப்பத்தொன்பது மூட்டை.

பக்கத்தில் நின்ற தவமலர் கிழிந்த துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது மஞ்சள் சீலையின்ர கடைசி மூட்டையப்பா. இதுக்குப் பிறகு நீங்கள் நிரப்பினது கூறை."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலுக்கும் தாழிக்கும் நடுவில், எல்லாவற்றிலும் பருத்தது அந்த மூட்டைதான். அதை எடுத்தால் தாழி வெறுமேலோடு நிற்கும்.

வடக்கே அடுத்த ஷெல் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவன் ஓட்டுத் துண்டைச் சட்டைப்பையில் போட்டான்.

தவமலர் கத்தரிக்கோலை நீட்டினாள்.

"நூலை மட்டும் வெட்டுங்கோ."