மூன்று டானிக்

"ஆளுக்கு ஆள் ருசி வேற, அம்மா. மூணையும் குடிச்சுப் பாருங்க. பிடிச்சதை வாங்கிக்கலாம்" என்றான் ஹரிஹரன். சென்னையிலிருந்து டானிக் விற்க வந்தவன். அந்தமானில் இருக்கும் வண்டூருக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

ரெங்கம்மாவுக்கு உடம்பில் ரத்தம் குறைவு. நாலு அடி நடந்தால் தலை சுற்றியது. டாக்டர் திட்டிய பிறகுதான் டானிக் குடிக்கவே சம்மதித்திருந்தாள்.

முதலில் இரும்புச் சத்து. கறுப்பாக இருந்தது. வாயில் வைத்ததுமே முகம் கோணியது.

"சீ! துருப்பிடிச்ச ஆணியை நக்குற மாதிரி இருக்கு."

அடுத்தது கால்சியம். ரோஸ் நிறத்தில் கொழகொழவென்று ஸ்பூனில் விழுந்தது.

"சுண்ணாம்புல சர்க்கரை போட்டுக் கரைச்சீங்களா? உவ்வே!" என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டாள்.

ஹரிஹரன் மூன்றாவது பாட்டிலைத் திறந்தான். "இதுல நெறமும் இல்ல, வாடையும் இல்ல. எல்லாத் தாதுச் சத்தும் இருக்கு. மெயின்லேண்ட்ல இதுக்குத்தான் கிராக்கி."

தண்ணீரில் சில சொட்டுகள் விட்டுக் கொடுத்தான். ஒரு வாய்தான் குடித்தாள். வாசலுக்கு ஓடி, குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தியெடுத்தாள்.

"அரே, இது என்னது?" என்றாள்.

"பயப்படாதீங்கம்மா. சுத்தமான கடல் தண்ணியிலேர்ந்து எடுத்த சத்துதான்."

ரெங்கம்மா முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தாள்.

"அதை மூடு, தம்பி. சுனாமி அன்னிக்கு வயிறு முட்டக் குடிச்சிருக்கேன். என் மகளும் குடிச்சா. நான் கக்கிட்டேன். அவ கக்கலை."